இடப்பக்கம் இழுத்த கன்ட்ரோலர்: சுங்கை சிப்புட்டில் ஒரு பழுதாய்வு

முறையீடு இதுதான். பந்தாட்ட விளையாட்டில் கையை எடுத்துவிட்டாலும் ஆட்டக்காரன் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறான். தேர்வுப் பட்டியலில் எதையும் நிறுத்தித் தேர்ந்தெடுக்க முடியவில்லை, கட்டம் தானாக நகர்ந்துவிடுகிறது. கன்ட்ரோலர், பிளேஸ்டேஷன் 4-உடன் வரும் டூயல்ஷாக் 4. கொண்டுவந்தவன் மூன்றாம் படிவம் படிக்கும் பையன். வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவனுடைய அண்ணன், தான் பல வருடம் ஆடிய விளையாட்டுப் பெட்டியைத் தீபாவளிக்கு வந்தபோது தம்பிக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.

அம்மாவும் கூட வந்திருந்தார். கன்ட்ரோலர் என் பழுதுபார்ப்பு மேசைக்கு வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "முறுக்கு தின்ன கையோட புடிச்சிக்கிட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்குறான் அண்ணே. அப்புறம் கெட்டுப் போகாம என்ன செய்யும்?" பையன் வாய் திறக்கவில்லை. ஏற்கெனவே வேறொரு கடையில் காட்டியிருக்கிறார்கள். அங்கே எண்ணெய் மாதிரி எதையோ அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் சரியாக இருந்து மறுபடி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியதும், "இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

ஸ்டிக் ட்ரிஃப்ட் எனப்படும் இந்தக் கோளாறு வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் முதல் ஏச்சு பிள்ளைக்குத்தான் விழுகிறது. அடுத்த ஏச்சு, தோட்டத்துச் சம்பளத்தில் புதிதாக ஒன்று வாங்கும்போது. இரண்டுமே தேவையில்லாதவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழுது எங்கே இருக்கிறது, எதனால் வந்தது என்பதை அளந்தே காட்டிவிடலாம். அதனால்தான் இந்த ஒரு கன்ட்ரோலரின் கதையை முழுதாக எழுதுகிறேன்.

குமிழுக்கு அடியில்

கட்டைவிரலால் ஆட்டும் குமிழுக்குக் கீழே ஒரு சிறிய உலோகக் கூடு இருக்கிறது. கூட்டின் இரண்டு பக்கங்களில் பக்கத்துக்கொன்றாக இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். ஒன்று இடம் வலத்தைப் பார்த்துக்கொள்ளும், மற்றது மேல் கீழை. ஒவ்வொன்றின் உள்ளேயும் வளைவாகப் பூசிய கரித்தடம், அதன்மேல் உரசியபடி நகரும் மெல்லிய உலோக நாக்கு. தடத்தின் ஒரு முனையில் மின்னழுத்தம், மறுமுனையில் பூஜ்ஜியம். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து வரும் அழுத்தத்தைக் கன்ட்ரோலரின் சில்லு படித்து, 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக மாற்றி அனுப்புகிறது. கையை எடுத்ததும் ஸ்பிரிங் குமிழை நடுவுக்குக் கொண்டுவரும். அப்போது எண் 128-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

உரசி வேலை செய்யும் பொருள் உரசித்தான் தேயும். ஆடுகிறவர் குமிழை ஓரம்வரை தள்ளினாலும் ஒவ்வொரு முறையும் அது நடு வழியாகத்தான் திரும்ப வேண்டும். நுணுக்கமான அசைவுகளும் நடுவை ஒட்டியே நடக்கின்றன. லயத்து வீடுகளிலிருந்து கோயிலுக்குப் போகும் புல்தரையில் எல்லாரும் ஒரே இடத்தில் நடந்து நடந்து மண் தெரியும் தடம் விழுமே, அப்படித்தான் கரித்தடத்தின் நடுவில் பூச்சு மெலிகிறது. உதிர்ந்த கரித்தூள் வேறு எங்கும் போக வழியில்லாமல் நாக்குக்கும் தடத்துக்கும் இடையில் கிடக்கிறது. சில்லுக்கு வரும் எண் ஆடத் தொடங்குகிறது.

இது எங்கள் ஊர் முறுக்குக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. பழுதுபார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2021-இல் பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது ஆல்ப்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மாட்யூல், அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் அந்தக் கூடு முழுவதும். அதற்குச் சொல்லப்பட்ட ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள். துப்பாக்கிச் சுடும் ஆட்டம் ஒன்றில் குமிழ் அசையும் வேகத்தை எண்ணிப் பார்த்து, அந்த ஆயுளைத் தாண்ட 417 மணி நேரம் போதும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு அது ஏழு மாதம். 417-ஆவது மணியில் கன்ட்ரோலர் செத்துவிடும் என்று பொருளில்லை; அதற்கு மேல் நாள் ஓடுவது அதிர்ஷ்டத்தில். டூயல்ஷாக் 4-இல் இருப்பதும் அதே குடும்பத்து மாட்யூல்தான். நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியின் கன்ட்ரோலரான ஜாய்கானின் அமைப்பு வேறு, ஆனால் அதிலும் உரசல்தான். ட்ரிஃப்ட் பற்றிய புகார்கள் குவிந்து வழக்குவரை போய், 2020-இல் அந்நிறுவனத்தின் தலைவர் ஃபுருகாவா வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் முறுக்கித்தான் கெடுத்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

திறப்பதற்கு முன்

கன்ட்ரோலரைக் கையில் வாங்கியதும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது நம் கடைகளில் பொதுவான பழக்கம். அதற்கு முன் எண்களைப் படித்துவிடுவது நல்லது. யு.எஸ்.பி. கேபிளால் மடிக்கணினியில் இணைத்து, கன்ட்ரோலரின் எண்களைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் போதும். கேபிள் தரவும் கடத்துவதாக இருக்க வேண்டும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கிடைக்கும் மலிவான கேபிள்கள் பலவற்றில் மின்னேற்றும் கம்பி மட்டுமே இருக்கும், கணினிக்குக் கன்ட்ரோலர் தெரியவே தெரியாது.

வலது குமிழின் இரண்டு அச்சும் சுத்தம். இடது குமிழில் மேல் கீழ் அச்சு 127-க்கும் 129-க்கும் நடுவில் அமைதியாக நின்றது. இடம் வலம் அச்சு மட்டும், கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபோதும், 104-க்கும் 112-க்கும் இடையில் துடித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தள்ளி விட்டால் ஓர் இடத்தில் நிற்கிறது, இடப்பக்கம் தள்ளி விட்டால் இன்னோர் இடத்தில். ஓரங்களில் மட்டும் 0-ஐயும் 255-ஐயும் சரியாகத் தொட்டது.

இந்த விவரங்கள் எல்லாம் சேர்ந்துதான் நோயைச் சொல்கின்றன. எண் நடுவிலிருந்து விலகினாலும் ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால், பெரும்பாலும் நடுப்புள்ளி அளவீடு மாறியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதைக் கூட்டைத் திறக்காமலே சரிசெய்ய வாய்ப்பு உண்டு. குமிழ் கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து நின்றால் குமிழின் விளிம்புக்கடியில் தீனித் துகளோ அழுக்கோ மாட்டியிருக்கலாம். அம்மாவின் முறுக்குச் சந்தேகத்துக்கு அந்த இடத்தில் மட்டும் நியாயம் உண்டு. இங்கே குமிழ் நேராக நின்றது. ஓரங்கள் நன்றாக இருந்து நடுவில் மட்டும் எண் துடித்தது. தடத்தின் நடு தேய்ந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வெளியிலிருந்து கிடைக்காது.

டூயல்ஷாக் 4-இல் இன்னொன்றையும் விலக்கிவிட வேண்டும். அதன் பொத்தான்களுக்கு அடியில் மின்கடத்தும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதைப் பலகையோடு அழுத்தி வைத்திருக்கும் ஸ்பாஞ்ச் நாள்பட நசுங்கிப்போனால் அம்புக்குறிப் பொத்தான்கள் தாமாகவே அழுந்தும். திரையில் அதுவும் ட்ரிஃப்ட் போலவே தெரியும். அதை நம்பிக் குமிழை மாற்றினால் உழைப்பும் வீண், காசும் வீண். இந்தக் கன்ட்ரோலரில் பொத்தான்கள் எல்லாம் அமைதியாக இருந்தன.

முதுகில் எல்2 பொத்தான் பக்கமாக இருக்கும் ஊசித்துளைக்குள் ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்த்தாயிற்று என்று பையன் சொன்னான். அது பெட்டியோடு இணைப்பு அறுந்துபோனால் உதவும். தேய்ந்த கரியை அது வளர்க்காது. "டெட்ஸோன் கூட்டலாமாண்ணே?" என்றும் கேட்டான். நல்ல கேள்வி. நடுவைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் வரும் அசைவைக் கண்டுகொள்ளாதே என்று ஆட்டத்துக்குச் சொல்வதுதான் டெட்ஸோன். ஆனால் பி.எஸ். 4-இன் அமைப்புகளில் அந்த வசதி இல்லை, சில ஆட்டங்கள் மட்டும் தங்கள் பட்டியலில் தருகின்றன. இந்த அளவு விலகலை மறைக்க வேண்டுமானால் வட்டம் அத்தனை பெரிதாகிவிடும், மெதுவாகப் பந்தைக் கொண்டுபோவதே முடியாது.

எண்ணெய், ஆல்கஹால்

முந்தைய கடையில் அடித்தது துருவுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அடிக்கிற ஸ்பிரே என்று வாசனையிலேயே தெரிந்தது. மின்தொடர்புகளுக்கென்றே தனியாக விற்கும் கிளீனர் வேறு, இது வேறு. இது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். முதல் இரண்டு நாள் தூளைக் கழுவித் தள்ளுவதால் சரியானது போலத் தோன்றும். பிறகு தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் குழம்பாகி, முன்பைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும்.

அம்மா முதலில் செலவில்லாத வழியைக் கேட்டதால் சுத்தம் செய்து பார்த்தோம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மின்சாரம் இல்லாத நிலையில், கூட்டின் இடுக்கில் சில துளிகள். குமிழை எல்லாப் பக்கமும் சுழற்றி, நன்றாக உலர விட்டு மீண்டும் படித்தால் எண் 126-க்கு வந்தது. பையன் முகம் மலர்ந்தது. இது நிலைக்காது என்று அப்போதே சொல்லித்தான் அனுப்பினேன். கழுவினால் தூள் போகும், தேய்ந்த பூச்சு திரும்பி வராது. ஒரு வாரம் தாண்டுவதற்குள் ஆட்டக்காரன் மறுபடி இடப்பக்கம் நடந்தான். சுத்தம் செய்வது வீண் வேலை என்று சொல்லமாட்டேன். தூசி மட்டுமே காரணமாக இருந்தால் அதுவே போதும். தேய்ந்த தடத்துக்கு அதையே சிகிச்சை என்று விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்று

மாட்யூலை மாற்ற முடிவெடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கன்ட்ரோலர் அசலா? சந்தையில் அச்சு அசலாக அதே உருவத்தில் போலிகள் நிறைய உலவுகின்றன. மாட்யூலை மாற்றியபின் நடுப்புள்ளியை மறுபடி எழுத வேண்டும், போலிகளின் சில்லில் அது முடியாது. அதற்கான இலவசக் கருவி டூயல்ஷாக் காலிப்ரேஷன் ஜி.யு.ஐ. என்ற இணையப் பக்கம். குரோம் போன்ற உலாவியில் திறந்து கேபிளை இணைத்தால் கன்ட்ரோலர் அசலா போலியா என்பதையும் அதுவே சொல்லிவிடும். இது அசல்தான்.

பின்புறம் நான்கு ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றிக் கைப்பிடிப் பக்கமிருந்து மெதுவாக நெம்பினால் ஓடு இரண்டாகப் பிரியும். பிரிந்ததும் சட்டென்று இழுத்துவிடக் கூடாது. மின்னேற்றும் சிறு பலகையை முதன்மைப் பலகையோடு இணைக்கும் நாடா இரண்டு ஓட்டுக்கும் நடுவில் குட்டையாகத் தொங்கும். அதைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் பிடுங்கியபிறகே மற்ற வேலை. அதிர்வு மோட்டார்களின் கம்பிகள் பலகையில் சோல்டர் செய்யப்பட்டவை, அவை பலகையோடேயே வரும்.

மாட்யூல் பலகையில் 14 இடங்களில் பிடித்திருக்கும். இரண்டு பொட்டென்ஷியோமீட்டருக்கும் மூன்று மூன்றாக ஆறு, இடது குமிழையே உள்ளே அழுத்தினால் வேலை செய்யும் எல்3 பொத்தானுக்கு நான்கு, கூட்டின் கால்கள் நான்கு. பழக்கமில்லாதவர்கள் பலகையைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஆலையில் வைத்த ஈயமற்ற சோல்டர் உருக ஏறக்குறைய 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். கூட்டின் கால்கள் பலகையின் பெரிய செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உருகிவிட்டது என்று நினைத்து இழுத்தால் பலகையின் செம்பு வளையமும் சேர்ந்து பிய்ந்து வரும். அது போனால் பிறகு கம்பி ஓட்டித்தான் பிழைக்க வைக்க முடியும்.

நான் செய்தது எளிய வழி. எப்படியும் எறியப்போகும் மாட்யூல்தானே! அதை முதலில் சிறு கட்டிங் பிளேயரால் வெட்டித் துண்டாக்கினேன். பிறகு ஒவ்வொரு காலையும் தனித்தனியாக, சோல்டர் நன்றாக உருகிப் பரவ உதவும் ஃபிளக்ஸ் தடவி, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சோல்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கி எடுத்தேன். அந்தக் கலவை 183 டிகிரியில் உருகும், பழைய சோல்டரோடு கலந்து அதையும் இளக்கிவிடும். துளைகளைச் செம்புப் பின்னல் நாடாவால் துடைத்தபின் புதிய மாட்யூல் தானாக இறங்கி உட்கார்ந்தது. அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் ஏதோ ஒரு துளை இன்னும் அடைத்திருக்கிறது என்று பொருள்.

எந்த மாட்யூல் என்பதில் அம்மாவோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. உரசலே இல்லாத ஹால் எஃபெக்ட் வகையும் இப்போது கிடைக்கிறது. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவுதான் அதன் அடிப்படை: குமிழோடு ஒரு காந்தம் நகரும், எதிரே நிற்கும் சென்சார் தொடாமலே அதன் நிலையைப் படிக்கும். 1998-இல் ஜப்பானில் வந்த செகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே ஹால் சென்சார்கள் இருந்தன. தீர்வு கையில் இருந்தும் பெரிய நிறுவனங்கள் இத்தனை வருடம் கரித்தடத்தையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஹால் மாட்யூலுக்கு விலை கூடுதல். அதிலும் ஸ்பிரிங்கும் எல்3 பொத்தானும் தேயத்தான் செய்யும், நடுப்புள்ளியும் எழுதியாக வேண்டும். ஆனால் நடுவில் கரி தேய்வது என்ற பேச்சே இல்லை. "ஒரு தடவ போட்டா நிக்குமாண்ணே?" என்று அம்மா கேட்டார். "இதவிட ரொம்ப நாள் நிக்கும் அக்கா" என்றேன். இடது குமிழுக்கு மட்டும் அதைப் போடச் சொன்னார். வலது நன்றாக இருந்ததால் அதில் கை வைக்கவில்லை.

போட்டு முடித்ததும் எண் 119-இல் நின்றது. பையன் பயந்துவிட்டான். ஆனால் அது துடிக்காமல் நின்றது, அதுதான் வேறுபாடு. கன்ட்ரோலரின் நினைவில் இருந்தது பழைய மாட்யூலின் நடுப்புள்ளி. காலிப்ரேஷன் பக்கத்தில் குமிழை நான்கு மூலைக்கும் தள்ளி விடச் சொல்லும், பிறகு ஓரத்தை ஒட்டி மெதுவாகச் சுற்றச் சொல்லும். நிரந்தரமாகச் சேமிக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும், மறந்தால் கன்ட்ரோலரை அணைத்ததும் எல்லாம் போய்விடும். சேமித்தபின் இரண்டு அச்சும் 127, 128.

கரித்தடம்

பழைய மாட்யூலின் பச்சைப் பக்கத்தட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதை அம்மாவிடம் பூதக்கண்ணாடியோடு கொடுத்தேன். கறுப்பு வளைவின் இரு முனைகளும் மங்கலாக, பூசியபடியே இருந்தன. நடுவில் மட்டும் நாக்கின் இரண்டு விரல்களும் இழுத்த இரண்டு பளபளப்பான கோடுகள், பக்கத்தில் எண்ணெயில் ஊறிய கருந்தூள். முறுக்குத் துகள் ஒன்றுகூட இல்லை, துருவும் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் முனைக்கு முனை ஏறக்குறைய 10 கிலோ ஓம், இருக்க வேண்டியபடியே. நாக்கை மெல்ல நகர்த்தினால் ஓரங்களில் எண் சீராக ஏறியது, நடுவுக்கு வந்ததும் தாவியது.

இந்தத் தேய்மானம் சில மாதத்தில் வருவதல்ல, அண்ணன் ஆடிய வருடங்களும் சேர்ந்தது என்று சொன்னேன். அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப பெரியவன் காசு அனுப்பட்டும்" என்றார். பையன் அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

புதிதாக வாங்கிய கன்ட்ரோலர் உத்தரவாதக் காலத்துக்குள் இப்படி ஆனால் யாரும் திறக்க வேண்டாம். ரசீதோடு விற்றவரிடமே போக வேண்டும். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர் தட்டிக்கழித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளி. நம் மக்கள் அந்தப் பக்கம் போகவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

இந்தக் கன்ட்ரோலர் பள்ளி விடுமுறையில் மறுபடி மேசைக்கு வந்தது, இம்முறை எண்ணைப் பார்க்க மட்டும். இடது குமிழ் 127-இலேயே நிற்கிறது. வலது குமிழின் இடம் வலம் அச்சு 124-க்கும் 131-க்கும் நடுவில் லேசாக அசையத் தொடங்கியிருக்கிறது. ஆட்டத்தில் இன்னும் தெரியவில்லை. அது 120-க்குக் கீழே இறங்கினால் கொண்டுவரச் சொல்லி, மடிக்கணினியில் எண்ணைப் படிக்கும் விதத்தைப் பையனுக்கே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.